ஈசானிய மூலை மாதுளை

அந்த வருஷம் ஐப்பசியில் மழையும் வெயிலும் மாறி மாறி அடித்ததில் ஊத்துப்பாளையத்தின் ஒன்பது மாதுளைத் தோட்டங்களிலும் எண்ணெய்ப்புள்ளி விழுந்தது. இலையில் முதலில் ஈரம் பட்ட மாதிரி ஒரு பொட்டு, பிறகு அது கறுத்து, பிறகு காயின் தோலில் எண்ணெய் சிந்தினாற்போல் ஒரு கறை, பிறகு அந்தக் கறையின் நடுவே தோல் விரிந்து காய் வாய் பிளந்தது. இதுவரை நடந்ததெல்லாம் எல்லா ஊரிலும் நடப்பதுதான், மாதுளை வைத்த யாரைக் கேட்டாலும் அழுதுகொண்டே சொல்வார்கள். ஊத்துப்பாளையத்தில் வாய் பிளந்த காய்கள் பேசின. முதலில் பேசியது ரத்தினசாமிக் கவுண்டர் தோட்டத்து ஈசானிய மூலை மரத்தில் இருந்த ஒரு காய். அது, "ஏனுங்க, மோட்டரை நிறுத்தீட்டு வாங்க, சோறு ஆறுது" என்று அடுத்த தோட்டத்துச் சாவித்திரியின் குரலில் கூப்பிட்டது. மருந்து டேங்கை முதுகில் சுமந்து நின்ற ரத்தினசாமி, சாவித்திரிதான் வரப்பில் நிற்கிறாள் என்று நினைத்து, "உன்ற ஊட்டுக்காரன் இங்க இல்லீம்மா" என்று பதிலும் சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனார்.

ஒரு வாரத்துக்குள் ஊருக்கு அது பழகிவிட்டது. மனுஷனுக்குப் பழகாதது என்று ஒன்று உண்டா என்ன. ஒரு தோட்டத்துக் காய் இன்னொரு தோட்டத்துப் பேச்சைப் பேசுகிறது, அதுவும் அந்தத் தோட்டத்து ஈசானிய மூலையில், அதாவது வடகிழக்கு மூலையில், வைகாசியில் கொப்பு வெட்டிக் கவாத்து பண்ணுவதற்கு முன்னால் பேசிய பேச்சை மட்டுமே பேசுகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவர்கள் பெண்கள்தான். தன்னைப் பற்றி மாமியார் என்ன சொன்னாள் என்று கேட்க மூன்று தோட்டம் தள்ளிப் போய்ப் பொழுதுக்கும் உட்கார்ந்திருந்த மருமகள்கள் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் மகன் போனில் பேசியது ஸ்பீக்கரில் வைத்த பேச்சு என்பதால் அதுவும் காயில் ஏறியிருக்க, சாவித்திரி ரத்தினசாமி தோட்டத்துக்குத் தூக்குப்போசியில் காபியோடு போய், "சாப்ட்டியாம்மா" என்ற அவன் ஒற்றைக் கேள்வியை நாற்பது தடவை காதுகுளிரக் கேட்டுவிட்டு வந்தாள். ஆண்கள் தோட்டத்துக்குள் வாயைத் திறப்பதை விட்டுவிட்டு, ஆட்களுக்குக் கையை ஆட்டி வேலை சொன்னார்கள். பழ வியாபாரி மட்டும் லாரியை நிறுத்தி இறங்கி இரண்டு காயைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "பேசுனாலும் பேசாட்டியும் வெடிச்ச காய் வெடிச்ச காய்தானுங்க" என்று சொல்லிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பிப் போனார்.

தோட்டக்கலை அதிகாரியம்மாவும் ஜீப்பில் வந்தாள். ஒரு தோட்டத்தின் ஈசானிய மூலையில் நின்று, யாரோ ஒரு கிழவர் இருமுவதையும் வெற்றிலை கேட்பதையும் காய் சொல்லச் சொல்லப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நோட்டில் 'காய் வெடிப்பு' என்று மட்டும் எழுதிக்கொண்டாள். "இது பாக்டீரியா. ஒரு மரத்துல இருந்து இன்னொரு மரத்துக்குக் கத்தரிதான் கொண்டு போகும். கவாத்து பண்ணும்போது மரத்துக்கு மரம் கத்தரிய மருந்துத் தண்ணில முக்கி எடுத்தீங்களா?" என்று கேட்டாள். முக்கினோம் என்று எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னார்கள், அது பொய்யும் இல்லை. கவாத்து ஆட்கள் அத்தனை பேரும் இடுப்பில் ஒரு டப்பாவைக் கட்டிக்கொண்டு முக்கி முக்கித்தான் வெட்டியிருந்தார்கள். கூட்டத்தின் பின்வரிசையில் நின்ற தெய்வாத்தாள் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை, அவளை யாரும் கேட்கவுமில்லை.

தெய்வாத்தாள் ஊரின் கைராசிக்காரி. கிணறு வெட்ட முதல் மண்ணை அள்ளுவது, தறிக்கு முதல் பாவு தொடுவது, பிறந்த குழந்தைக்கு முதல் சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் வைப்பது எல்லாம் அவள் கை. மாதுளை வந்த பிறகு முதல் வெட்டும் அவள் கைக்கு வந்தது. வைகாசி வளர்பிறையில் நாள் பார்த்து, ஒரே நாளில் ஒன்பது தோட்டத்துக்கும் நடந்து போய், ஒவ்வொரு தோட்டத்திலும் ஈசானிய மூலை மரத்தில் ஒரே ஒரு கொப்பை வெட்டி, "பெருகு சாமி" என்று சொல்லிவிட்டு வருவாள். மறுநாள்தான் கவாத்து ஆட்கள் இறங்குவார்கள். அவளுடைய கத்தரி மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சாமி படத்துக்குக் கீழே இருக்கும். அதை யாரும் கத்தரி என்று எண்ணியதே இல்லை. அதனால்தான் அதிகாரியம்மா கத்தரிகளைப் பற்றிக் கேட்டபோது ஒருவர் கண்ணும் அவள் பக்கம் திரும்பவில்லை.

அந்த வருஷ வைகாசியில், ஒன்பது தோட்டமும் சுற்றி முடித்து அவள் வீடு திரும்பியபோது, வாசல் மாதுளை மரத்தடியில் கட்டிலில் கிடந்த அவள் புருஷன் பொங்கியண்ணன் செத்துக் கிடந்தான். நெஞ்சு நோய்க்காரன், எட்டு மாதமாக அந்த மரத்தடிதான் அவனுக்கு வீடு. புருஷன் போன பெண்ணை எந்த நல்ல காரியத்துக்கும் முன்னால் விடாத ஊர் அது. பெற்ற மகள் கல்யாணத்திலேயே பின்கட்டில் உட்காரவைத்த கதைகள் அங்கே நிறைய உண்டு. தெய்வாத்தாளையும் அப்படித்தான் உட்காரவைத்திருப்பார்கள். ஆனால் அடுத்த மாதமே ஒன்பது தோட்டத்திலும் ஈசானிய மூலை மரம் இலை தெரியாமல் பூத்தது. ரத்தினசாமிக் கவுண்டர் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று, "கைராசிக்குத் தாலி எதுக்கு" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொன்னார். அன்றிலிருந்து அவள் மறுபடியும் முன்னால் நின்றாள். முப்பது நாள் அழுது முடித்தவளை மூலையில் கிடக்காமல் காப்பாற்றியது அந்த ஒரு வார்த்தைதான், அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஊர் தன் பங்குக்கு யோசித்தது. நோய் எல்லாத் தோட்டத்திலும் ஈசானிய மூலையில்தான் ஆரம்பித்திருக்கிறது, ஆகவே இது தெய்வக் குற்றம் என்று முதலில் சொன்னார்கள். பிறகு பேச்சை வைத்து வழியைத் தேடினார்கள்: ஒன்பதாவது தோட்டத்தில் எட்டாவது தோட்டத்தின் பேச்சு, எட்டில் ஏழின் பேச்சு, இப்படியே பின்னால் போய் இரண்டாவது தோட்டத்தில் முதல் தோட்டத்தின் பேச்சு. இது அப்படியே தெய்வாத்தாள் நடந்த வழி என்பதையும் கண்டுபிடித்துவிட்டார்கள், அவ்வளவு புத்தி அவர்களுக்கு உண்டு. "பாத்தீங்களா, கைராசி போன வழியிலயே கண்ணேறு பொறத்தால தொரத்தீட்டு வந்திருக்குது" என்றார் ரத்தினசாமி. எல்லோரும் அதுதானே என்று தலையாட்டினார்கள். அப்படியானால் கண்ணேறு கிளம்பிய இடம் முதல் தோட்டம். முதல் தோட்டம் காத்தமுத்துவுடையது.

காத்தமுத்து திண்டுக்கல் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, தெய்வாத்தாள் வீட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்தைக் குத்தகைக்குப் பிடித்து அறுநூறு மரம் வளர்த்தவன். பக்கத்தில் இருந்ததால்தான் அவள் அந்த வருஷம் அவன் தோட்டத்தில் ஆரம்பித்தாள். அவனுக்கு இடையில் மோட்டார் எரிந்துபோய்த் தண்ணீர் தள்ளிப்போனதால் காய்கள் மூன்று வாரம் பின்தங்கியிருந்தன. புள்ளி விழுந்திருந்தது, வெடிக்கவில்லை. வாய் திறக்காத தோட்டம் அது ஒன்றுதான் என்பதே அவன் மேல் பெரிய சந்தேகமாகிப்போனது. வெள்ளிக்கிழமை காலை எல்லோரும் கடப்பாரையோடு வருவோம், அறுநூறு மரத்தையும் வேரோடு பிடுங்கிவிட்டுக் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். மளிகைக் கடையில் அவன் மனைவிக்கு உப்புகூடத் தரவில்லை. தன் கத்தரி காத்தமுத்து தோட்டத்துக்குப் போவதற்கு முன்னால் எங்கே பட்டது என்பது தெய்வாத்தாள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

புதன்கிழமை உச்சிவெயிலில் அவள் காத்தமுத்து தோட்டத்து வேலியில் புகுந்து ஈசானிய மூலைக்குப் போனாள். முதல் காய் அப்போதுதான் வெடித்திருந்தது.

"தெய்வா," என்றது காய். "நீ வெட்டப் போற கொப்பு எலையப் பாரு. எண்ணெய்ப்புள்ளி மாதிரி இருக்குது. கத்தரிய மருந்துத் தண்ணில முக்கீட்டுக் கொண்டு போ."

ஐந்து மாதமாக அவள் எத்தனையோ தடவை நினைத்து நினைத்துக் கூப்பிட்டும் கனவில்கூட வராத புருஷன் குரல், இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கும் அதே இழுப்போடு, கை எட்டும் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு அதே காயிலிருந்து அவள் குரல் வந்தது. "முக்குனா ராசி கழுவிப் போயிருமுங்க. நல்ல நாளும் அதுவுமா வாய வெக்காம இருங்க."

"ராசி கையிலயா இருக்குது, கத்தரியிலயா?" என்று அவன் சிரித்தான். சிரிப்பு இருமலானது.

"உங்களுக்கென்ன தெரியும், பேசாமப் படுங்க" என்று அவள் சொன்னாள். அதோடு அன்றைக்கு வாசல் மரத்தில் ஒரு கொப்பை வெட்டிக் கத்தரியின் கூர் பார்த்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கிளம்பிப் போயிருந்தாள். அவனிடம் அவள் கடைசியாகச் சொன்னது பேசாமப் படுங்க என்பதுதான், அவனும் அப்படியே செய்துவிட்டான். அவள் மரத்தடியில் உட்கார்ந்து பொழுது சாயும்வரை அதையே கேட்டாள். கேட்கக் கேட்க ஆசையாகவும் இருந்தது, கேட்கக் கேட்க வயிறும் எரிந்தது. எழுந்திருக்கும்போது காயைப் பறித்து மடியில் கட்டிக்கொண்டு, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, வீட்டு அரிசிப்பானைக்குள் ஒளித்துவைக்க நடந்தாள்.

வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து மதியத்துக்குள் இன்னும் ஆறு காய்கள் வெடித்தன. ஒவ்வொன்றும் வாயைத் திறந்து முதல் வார்த்தை சொல்வதற்குள் அவள் பறித்தாள். இதில் ஒரு கஷ்டமும் இல்லை என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. வெடிக்க வெடிக்கப் பறித்துவிட்டால் போதும்; நாளைக்குக் காலையில் ஊர் வந்து மரங்களைப் பிடுங்கிவிட்டால் பேச ஒரு காயும் மிஞ்சாது; அவள் முன்னால் நிற்பாள், பிறக்கும் குழந்தைகளுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைப்பாள், வீட்டுக்குள் அரிசிப்பானையில் புருஷன் பேசிக்கொண்டிருப்பான். இப்படி நினைத்துக்கொண்டே ஏழாவது காயை மடியில் போட்டபோது பின்னால் காத்தமுத்து நின்றிருந்தான். மூன்று நாளாகச் சவரம் செய்யாத முகம். காய் மடிக்குள் அமுங்கி முனகியது. அவன் காதில் அது விழவில்லை.

"நோய்க்காயப் பறிச்சு விடுறீங்களாக்கா?" என்றான். "ஊரே ஒதுக்கி வச்சிருக்கு, நீங்க ஒராள்தான் உள்ள வந்திருக்கீங்க. பறிங்க. கைராசிக்காரவுக தொட்டாவது பொழைக்குதான்னு பாப்பம்."

அவன் அதோடு நிற்காமல் வீட்டுக்குள்ளிருந்து ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தான். கடையில் கிடைக்காததால் அதில் உப்பு இல்லை. அந்த உப்பில்லாத மோரைக் குடித்து முடிப்பதற்குள் தெய்வாத்தாளுக்குள் ஏதோ ஒன்று அறுந்துபோனது. அன்று முழுக்க அரிசிப்பானை பேசிக்கொண்டே இருந்தது, அவள் சோறு ஆக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஊர் கடப்பாரைகளோடு வந்து வேலிக்கு வெளியே நின்றது. காத்தமுத்துவின் மனைவி பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வாசலில் வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள். தெய்வாத்தாள் ஒரு கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். எல்லோரும் வழக்கப்படி விலகி, முதல் கடப்பாரை போட அவளுக்கு முன்னால் வழி விட்டார்கள். அவள் வேலிப்படலைத் தாண்டி உள்ளே போய், ஊரைப் பார்த்துத் திரும்பி நின்று, கூடையை இறக்கி மேலே மூடியிருந்த துணியை எடுத்தாள்.

ஏழு காய்களும் ஒன்றன் மேல் ஒன்றாகப் பேசின. ஒன்று கத்தரியை முக்கச் சொன்னது, ஒன்று சிரித்தது, ஒன்று இருமியது, ஒன்று ராசி கழுவிப் போயிரும் என்றது, மறுபடி இன்னொன்று தெய்வா என்று கூப்பிட்டது. கடப்பாரை பிடித்திருந்தவர்கள் கடப்பாரையைத் தரையில் ஊன்றினார்கள். முழுசாக ஒரு சுற்றுக் கேட்டு முடித்தார்கள்.

ரத்தினசாமிதான் தொண்டையைச் செருமினார். "இது பொங்கியண்ணன் கொரலு மாதிரி இல்லியே" என்றார். அவர் முகத்தில் கெஞ்சல் இருந்தது. "வேற எவனோ பேசறான். ஏம்மா தெய்வாத்தா, நல்லாக் கேட்டுச் சொல்லு."

"எம்புருசன் கொரலு எனக்குத் தெரியாதுங்களாண்ணா?" என்றாள் தெய்வாத்தாள். "அந்தப் பொம்பள கொரலும் எனக்குத் தெரியுமுங்க. கத்தரிய நான் முக்குலீங்க. அவரு சொன்னாரு, நான் முக்குல. எங்கூட்டு மரத்துல இருந்த சீக்க ஒம்பது தோட்டத்துக்கும் நாந்தான் கொண்டு போயி ஈசானிய மூலையில வெச்சேன். இந்தத் தம்பி ஒண்ணும் பண்ணுல."

சொல்லி முடித்ததும் ஊர் அவளை ஏசும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். யாரும் ஏசவில்லை. சாவித்திரி இடுப்பிலிருந்த பேத்தியை, தெய்வாத்தாளே நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் வைத்த பேத்தியை, ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு, தெய்வாத்தாளின் கை எட்டாத பக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு ஒவ்வொருத்தியாக இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள். தாலியில்லாத கழுத்தை அவர்கள் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தார்கள். அவளுக்கு அழுகை வந்தது, எல்லோர் எதிரிலும் அழுதாள். யாரும் கிட்டே வரவில்லை.

மரங்களைப் பிடுங்கவில்லை. அதிகாரியம்மா சொன்னபடி ஒவ்வொரு தோட்டத்திலும் புள்ளி விழுந்த கொப்பையும் காயையும் வெட்டிக் குவித்துக் கொளுத்துவது என்று கலைந்து போனார்கள். போகிற வழியிலேயே சிலர் கத்தரி முக்க வாளி வாங்கக் கடைக்குத் திரும்பினார்கள். காத்தமுத்து தோட்டத்தில் அவனும் அவன் மனைவியும் தெய்வாத்தாளும் மட்டும் மிச்சம். மூன்று பேரும் வெட்டினார்கள். ஈசானிய மூலையிலிருந்து ஆரம்பித்து, வெடித்தது வெடிக்காதது எல்லாம் சேர்த்து, பிற்பகலுக்குள் ஆள் உயரத்துக்குக் குவியல் ஏறியது. கூடையை அவளே கொண்டுவந்து மேலே கவிழ்த்தாள்.

காத்தமுத்து தீப்பெட்டியை எடுத்துவிட்டு உரசாமல் நின்றான். குவியலுக்குள்ளிருந்து பொங்கியண்ணன் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

"ஒண்ணு வச்சுக்கங்கக்கா," என்றான் காத்தமுத்து. "ஒத்தைக் காய்தான. ஒரு குண்டாவுல போட்டு மூடி வச்சுக்கங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அறுநூறு மரத்தை இழக்க இருந்தவன் அதைச் சொன்னான். தெய்வாத்தாள் குவியலைப் பார்த்தாள், வேலிக்கு அப்பால் மிச்சம் நின்ற மரங்களைப் பார்த்தாள். ஒரு கொப்பு போதுமாயிருந்தது ஒன்பது தோட்டத்துக்கு.

"வேண்டாந் தம்பி" என்று சொல்லி, தீப்பெட்டியை அவன் கையிலிருந்து வாங்கி அவளே உரசினாள்.

பச்சைக் கொப்புகள் முதலில் புகைந்தன, பிறகு எரிந்தன. காய்கள் சூட்டில் படபடவென்று வெடித்தன, பொங்கியண்ணன் குரலும் அவள் குரலும் ஆளுக்கொரு பக்கமிருந்து சண்டை போட்டன, பிறகு ஒவ்வொரு குரலாக நின்றது. கடைசிக் குரலும் நின்ற பிறகு அவள் காத்தமுத்துவிடம் கோடாலியைக் கேட்டாள். வாசல் மரம் இந்த வருஷம் காய்க்கவில்லை, புருஷன் போன பிறகு அதற்கு யாரும் தண்ணீர் விடவில்லை, ஆனால் நோயின் வேர் அங்கேதான் இருக்கிறது. காத்தமுத்து கோடாலியைக் கழுவி எடுத்துவரப் போனான்.

அப்போது சாம்பலுக்கு அடியில் சின்னதாக, இன்னும் பிஞ்சாக இருந்த ஒரு காய் வெடித்தது. அதில் வந்தது அவள் கேட்டிராத பேச்சு. அவள் வீட்டுக்குள் வேலையாக இருந்த ஏதோ ஒரு மாலையில், முதல் வெட்டுக்கு முந்தின நாளாக இருக்க வேண்டும், கட்டிலில் படுத்தபடி பொங்கியண்ணன் வாசல் மரத்திடம் பேசியிருக்கிறான். குழந்தையிடம் பேசுவது போல மெதுவாக, மூச்சு வாங்கிக்கொண்டு பேசியிருக்கிறான்.

"நாளைக்கு அவ வெட்ட வருவா சாமி. கை கொஞ்சம் வேகமாத்தான் இருக்கும். வலிச்சாப் பொறுத்துக்க."

காத்தமுத்து கோடாலியோடு வந்து நின்றான். தெய்வாத்தாள் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.